ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
திபிலீசியின் வடக்கு விளிம்பு, பதினாறு மாடி.
பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி,
அதற்கொரு வாய்.
இத்தனை நாளும் பத்து டெட்ரி விழுங்கியது.
இனி இருபது என்று
பிப்ரவரியில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எத்தேரி கூட்டத்துக்குக் கடப்பாறையோடு வந்தாள்.
பதினான்காம் மாடி. மருந்துக்கடையில் இரவு வேலை.
"சொந்த வீட்டுக்குப் போக எதற்கடா சுங்கம்?
பெட்டியைப் பிடுங்கி எறிவோம்.
லிஃப்டை நாமே வாங்குவோம், நாமே ஓட்டுவோம்."
கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன்,
கையில் கணக்கு நோட்டு இல்லாதிருந்தால்.

நான் மெதுவாகப் பேசுகிறவன்.
கேபிள் என்ன விலை என்றேன்.
மோட்டார் எரிந்தால் நள்ளிரவில் யார் வருவார் என்றேன்.
பதினைந்துக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
இறங்குவதற்கு இலவசம். ஏழு வயதுவரை இலவசம்.
லாமாராவின் முழங்காலுக்கு ஒரு மாதச் சீட்டு.
பொங்கிய பாலில் தண்ணீர் தெளித்தாற்போல்
அறை அடங்கியது.
அந்த அடங்கும் ஓசை எனக்குப் பிடிக்கும்,
ஒப்புக்கொள்கிறேன்.

"அரைக் கிணறு தாண்டச் சொல்கிறாய், நுக்ஸார்."

நாற்பத்தொன்றுக்குப் பதினேழு.
பதினைந்து டெட்ரி ஜெயித்தது.

கோழை என்று நினைத்துவிடாதீர்கள்.
இரண்டு முறை சதுக்கத்தில் நின்றவன் நான்.
முதல் முறை எல்லாவற்றையும் மாற்றினோம்.
அந்தக் குளிர்காலம்
தரைப் பலகையைப் பெயர்த்து அடுப்பெரித்தோம்.
என் படுக்கையறையின் ஒரு மூலை இன்னும் வெறும் சிமெண்ட்.
இரண்டாம் முறை பூவோடு போனேன்.
பூ வாடியது. பூவின்மேல் குற்றமில்லை.
அதற்குப் பிறகுதான்
இந்தச் சில்லறைகளின்மேல் காதல் வந்தது:
குறைந்த ஐந்து டெட்ரி, படிக்கட்டில் ஒரு பல்பு,
ஒழுங்காக மூடும் தெருக்கதவு.
இவற்றுக்காக யாரும் செத்ததில்லை.
யாரும் பாடியதும் இல்லை, அது வேறு.

ஏப்ரலில் ஒரு வியாழன் இரவு
பதினைந்தையும் போட்டுவிட்டு ஏறினேன்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது.
விளக்கும் போயிற்று.
கையில் நான்கு கிலோ உருளைக்கிழங்கு.
கம்பெனி எண்ணில், நீண்ட இசைக்குப் பிறகு,
என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்றது ஒரு பெண்குரல்.
கதவைத் தட்டினேன். காது வைத்துக் கேட்டேன்.
மேலேயும் கீழேயும் தொலைக்காட்சிகள்,
யாரோ பூண்டு இடிக்கிற சத்தம்,
பிறகு படியில் செருப்பொலி.

தோற்ற அன்றிலிருந்து
பெட்டிக்குக் காசு போடாமல் நடந்தே ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.
பதினேழு பேர் ஆறாகி, மூன்றாகி,
மே பிறக்குமுன் ஒருத்தியாவாள் என்று
நோட்டில் நான் மனக்கணக்கு எழுதியிருந்தேன்.
அந்த ஒருத்தி
இருட்டில் என் பெயரைக் கேட்டாள், சிரித்தாள்,
பதினான்கு வரை ஏறிப் போய் இறங்கி வந்தாள்.

இரும்பு இரும்பைக் கடித்தது. கதவு விலகியது.
என் கண்மட்டத்தில் பத்தாம் மாடியின் தரை,
அதில் அவள் கால்விரல்கள்.
முழங்காலுக்குக் கீழே ஒன்பதின் கருத்த பிளவு.
"மேலே இழுக்கட்டுமா, கீழே குதிக்கிறாயா?"
"காலையில் கம்பெனி ஆள் வருவான்" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும் அணைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
முதலில் உருளைக்கிழங்கை நீட்டினேன்,
பேரம் பேசிப் பழகிய கை.
பிறகு இடது கை. பிறகு வலது.
முட்டி சிராய்த்தது. சட்டையில் கிரீஸ்.
ஒருவருக்கொருவர் எதையும் ஒத்துக்கொள்ளாமல்
பதினொன்று வரை ஏறினோம்.

மறுநாள் நோட்டில் எழுதினேன்:
'கம்பெனியிடம் திரும்பக் கேட்க வேண்டியது,
பதினைந்து டெட்ரி.'
என் வாசலில் அவளுடைய கடப்பாறை சாய்ந்திருக்கிறது.
மறந்து போனாளோ, விட்டுப் போனாளோ.
லிஃப்ட் மறுபடி ஓடுகிறது.
மூன்று மாடிதான்.
இன்னும் கொடுக்கவில்லை.